செயற்கை இதய வால்வும் முதல்வர் காப்பீட்டுத் திட்டமும்: காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு

என் தங்கைக்கு 34 வயதில் மைட்ரல் வால்வை (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) மாற்றினார்கள். பள்ளிக்கூட வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்துபோன ருமாட்டிக் காய்ச்சல் உள்ளே வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. அறுவை சிகிச்சைச் செலவு முழுவதையும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்காக நான் அலைந்தபோது கற்றதையும், அப்புறம் வீட்டில் அவளோடு இருந்து கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தத் திட்டம் அறுவை சிகிச்சையைத்தான் பார்த்துக்கொள்ளும். வால்வோடு வாழப்போகும் இருபது முப்பது வருடத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் எந்த வால்வு என்று முடிவு செய்யும்போதே அந்த வருடங்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்த வரம்பை 2022-இல் உயர்த்தினார்கள். 2018 செப்டம்பரிலிருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு சேர்ந்தே நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இது ஆளுக்கு 5 லட்சம் இல்லை, கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் சேர்த்து. அதே வருடம் அப்பாவுக்கும் பெரிய சிகிச்சை நடந்திருந்தால், மீதி எவ்வளவு இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் ஊர்ப்பக்கம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. என் தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு முகப்பு, வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய கட்டு), இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. ஆனால் அதில் பங்காளிகள் பதினோரு பேர், அவர்கள் பங்குக்கு ஓர் அறையும் பாதித் தாழ்வாரமும்தான். மாப்பிள்ளை ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். வருமானச் சான்று கேட்டுப் போனபோது, "இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு ஏழைக் காப்பீடா?" என்று கேட்டார்கள். சான்றில் எழுதுவது ஆண்டு வருமானத்தை. தேக்குத் தூண் வருமானம் தருவதில்லை. சம்பளச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் காட்டி, பங்கு வீடு என்பதையும் விளக்கிய பிறகு சான்று கிடைத்தது. உங்கள் குடும்பம் அப்படி இருந்தால் கூசாமல் கேளுங்கள். பெரிய வீட்டுக்காரர்கள் என்ற பெயருக்காகவே விண்ணப்பிக்காமல் நகையை அடகு வைத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு தடங்கல் ரேஷன் அட்டை. கல்யாணமானதும் தங்கையையும் மாப்பிள்ளையையும் கோயிலில் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, சேர்த்துவிட்டார்கள், வேறு வைத்துத் தனி அடுப்பும் மூட்டியாயிற்று. ஆனால் ஒன்பது வருடமாக அவள் பெயர் எங்கள் அட்டையிலேயே கிடந்தது. காப்பீட்டு அட்டையைக் குடும்ப அட்டையைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். பெயரை நீக்கி அங்கே சேர்ப்பதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. மூச்சுத் திணறலோடு படுத்திருப்பவரை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வது கொடுமை. வீட்டில் இதய நோயாளி இருந்தால் இன்றைக்கே அட்டையில் பெயரைப் பாருங்கள்.

குடும்ப அட்டை, எல்லாருடைய ஆதார், வருமானச் சான்று இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு அது சிவகங்கை. பொன்னமராவதி, ராயவரம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை. சந்தேகம் இருந்தால் கட்டணமில்லாத எண் 1800 425 3993.

வேறு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் செய்கிறார்கள் என்றால் அந்த வழியில் போகலாம். அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் தனிக் காப்பீடு இருக்கிறது. 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதய வால்வு நோய் என்றால், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழு மூலமாக மேல்சிகிச்சைக்கு வழி உண்டு. ருமாட்டிக் இதய நோய் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலிலேயே இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்குத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், அது அரசோ தனியாரோ. நமக்குக் கிட்டத்தில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. அங்கே இருக்கும் காப்பீட்டுக் கவுண்டரில் அட்டையைக் காட்டினால், எக்கோ (இதய ஸ்கேன்) முதலிய சோதனை முடிவுகளை இணைத்து முன் அனுமதிக்கு அனுப்புவார்கள். அனுமதி வந்தபின் படுக்கை, மருந்து, மயக்க மருந்து, வால்வு எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கும். "காப்பீடு போதாது, வால்வுக்குத் தனியாகக் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அந்தக் கட்டணமில்லா எண்ணுக்கும் சொல்லுங்கள். எங்களிடமும் ஓரிடத்தில் அப்படிக் கேட்டார்கள். எழுதித் தாருங்கள் என்றதும் பேச்சு நின்றுவிட்டது.

முன் அனுமதிக்கு அனுப்புவதற்கு முன்பே மருத்துவரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், எந்த வால்வு என்பது. இரண்டு வகை. ஒன்று பொதுவாக உலோகமும் கார்பனும் கொண்ட இயந்திர வால்வு. தேயாது, பெரும்பாலும் ஆயுள் முழுக்க வரும். ஆனால் அதன்மேல் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மற்றது திசு வால்வு, பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ பதப்படுத்திச் செய்வது. அதற்கு ஆரம்பத்தில் சில மாதங்கள் மாத்திரை போதும். ஆனால் அது சுமார் 10 முதல் 15 வருடத்தில் பழுதாகும், வயது குறைந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். மாடு, பன்றி என்றதும் மனம் ஒப்பாத குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு. அதை வெட்கப்படாமல் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடலாம்.

பொதுவாக 50 வயதுக்குக் கீழே இயந்திர வால்வு, 65, 70-ஐத் தாண்டினால் திசு வால்வு என்று போகிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்குப் பேசி முடிவு செய்வதுதான். அந்தப் பேச்சில் நம் ஊர் நிலவரத்தையும் சேருங்கள். மாதாமாதம் ரத்தம் பரிசோதிக்க ஒரு லேப் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அன்று கூலியை விட்டுவிட்டுப் போக முடியுமா? திசு வால்வு என்றால், பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டாவது முறை நெஞ்சைத் திறக்கும்போது குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்குமா? இதையெல்லாம் யாரும் தானாகக் கேட்க மாட்டார்கள். என் கருத்தில், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட முடிகிற இளவயதுக்காரருக்கு இயந்திர வால்வுதான் சரி. மாத்திரையை மறப்பவருக்கு, குடிப்பழக்கம் உள்ளவருக்கு அது ஆபத்து.

பிள்ளை பெற இருக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு முற்றிலும் வேறு. வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமை மாத்திரை கருவின் முதல் மூன்று மாதத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடும். பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாய்க்கே ஆபத்து. மாத்திரைக்குப் பதிலாக ஊசி, அளவு குறைத்தல் என்று வழிகள் இருக்கின்றன, எல்லாம் கருத்தரிப்பதற்கு முன்பே திட்டமிட வேண்டியவை. கல்யாணம் பேசும்போது பெண்ணின் வால்வை மறைப்பது வேண்டாம். மறைத்தால், நாள் தள்ளிப்போனதைச் சொல்லக்கூட அவளுக்கு ஆள் இருக்காது.

அரசு மருத்துவமனையில் உள்நாட்டு வால்வு வைத்தால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல வருடம் உழைத்து, முந்தைய மாதிரிகள் தோற்ற பிறகு உருவாக்கியதுதான் சித்ரா என்ற இயந்திர வால்வு. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெஞ்சில் அதைப் பொருத்தியிருக்கிறார்கள். மூடித் திறக்கும் தட்டு பிளாஸ்டிக் என்பதால் சத்தமும் கொஞ்சம் குறைவு. விலை குறைவு என்பதை வைத்து அதை ஒதுக்க வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று ரயில் சலுகை. இதய அறுவை சிகிச்சைக்காகப் போய்வரும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றாம் ஏ.சி. வகுப்புகளில் 75 சதவீதம் கட்டணக் குறைப்பு உண்டு. மருத்துவமனை தரும் சான்றோடு நிலையத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். சென்னைக்குப் போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள்.

இனி வீட்டுக்கு வந்த பிறகு.

மாத்திரை வார்ஃபரின் அல்லது அசினோகூமரால், கடையில் அசிட்ரோம் என்றால் தெரியும். இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் அளவு வேறு. "அது இல்லை, இதை வாங்கிக்கோங்க" என்று மருந்துக்கடையில் சொன்னால் வாங்கக் கூடாது. அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவில் கையிருப்பு இருந்தால் இலவசமாகவே தருவார்கள். மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை. அயோர்ட்டா வால்வுக்கு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலில் இருப்பது) அந்த எண் பொதுவாக 2 முதல் 3, மைட்ரல் வால்வுக்கு 2.5 முதல் 3.5 இருக்க வேண்டும். உங்களுக்கு உரிய எண்ணை மருத்துவர் எழுதித் தருவார், அதை மனப்பாடம் செய்யுங்கள். முதலில் வாரத்துக்கு ஒருமுறை, நிலைத்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை. முடிந்தவரை ஒரே லேபில். இப்போது புதிதாக வந்திருக்கும், பரிசோதனை தேவைப்படாத ரத்தம் உறையாமை மாத்திரைகள் இயந்திர வால்வுக்குக் கூடாது. சோதித்துப் பார்த்து, ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள்.

என் தங்கை வீட்டு வளவில் தினசரி காலண்டர் ஒன்று தொங்குகிறது. அதில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் 2, 2, 3 என்று எழுதியிருப்பாள். இரண்டு நாள் 2 மில்லிகிராம், மூன்றாம் நாள் 3. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதும் அந்த எண்ணைச் சுழித்துவிடுவாள். காலையில் தாளைக் கிழிக்கும்போது சுழிக்காமல் இருந்தால் மறந்துபோயிற்று என்று தெரிந்துவிடும். அப்போது இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது. குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரை மாத்திரை வேண்டியபோது ஆயாவின் (பாட்டியின்) பாக்குவெட்டியை எடுத்து நறுக்கப் பார்த்தாள். தூளாகிப் போனது. இப்போது 1 மில்லிகிராம் மாத்திரையையே வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

சாப்பாட்டில் கறி, மீன், பணியாரம் எதுவும் மாத்திரையோடு சண்டை போடாது. கீரைதான் கவனிக்க வேண்டியது, அதில் இருக்கும் வைட்டமின் கே மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும். அதற்காகக் கீரையையே விட்டுவிட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடுகிறவர் எல்லா வாரமும் அதே அளவு சாப்பிடட்டும். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த மாதம் தினமும் முருங்கைக்கீரை என்று இறங்குவதுதான் ஐஎன்ஆரைக் கலைக்கும்.

வலி மாத்திரை பெரிய ஆபத்து. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற நகரத்தார் பாதயாத்திரையில் வழியெங்கும் அன்பாகக் கால்வலி மாத்திரை நீட்டுவார்கள். என் தங்கையும் முதல் வருடம் நடக்க ஆசைப்பட்டாள். "அண்ணே, பாரசிட்டமால் மட்டும்தான் போடுவேன், சத்தியமா" என்றாள். மருத்துவர் ஒரு நாள் தூரம் மட்டும் அனுமதித்தார், மீதியைப் பேருந்தில் போனாள். நாட்டு மருந்து, சூரணம், ஊசி, புதிய ஆன்டிபயாடிக் எதுவானாலும் "நான் ரத்தம் உறையாமை மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பல் பிடுங்கும் முன்பு ஆன்டிபயாடிக் தேவை. வார்ஃபரினைத் தானாக நிறுத்தவும் கூடாது.

ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் டைல்ஸ் வார்க்கும் வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பலகையின் விளிம்பில் கையைக் கிழித்துக்கொள்வது சாதாரணம். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த ரத்தம் சீக்கிரம் நிற்காது. சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நிற்காவிட்டால் மருத்துவமனை.

சில நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வரக் கூடாது. வால்விலேயே கிருமி தொற்றியிருக்கலாம். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுக்கச் சொல்ல வேண்டும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலினை, வால்வை மாற்றியாயிற்றே என்று நிறுத்தக் கூடாது. ஊசியா மாத்திரையா, எத்தனை வருடம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரவில் வளவு அடங்கியதும் என் தங்கையின் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்கும். அவள் மகன் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவான். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, வாய் கோணி, கை கால் விழுந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டதும் முதல் பேச்சிலேயே, "செயற்கை வால்வு வைத்திருக்கிறார், ரத்தம் உறையாமை மாத்திரை சாப்பிடுகிறார்" என்ற இரண்டையும் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, வால்வு அட்டை, காப்பீட்டு அட்டை, கடைசி ஐஎன்ஆர் சீட்டு நான்கும் ஒரே பையில், எடுக்கிற உயரத்தில், முகப்புக் கதவு ஆணியில் தொங்கட்டும்.