நாய்க்குட்டியின் கோணல் கால் எப்படி நிமிர்கிறது?

பிறந்த இரண்டாவது வாரத்தில் நாய்க்குட்டிக்குக் கண் திறக்கும். மூன்றாவது வாரத்தில் தள்ளாடித் தள்ளாடி நடக்கப் பார்க்கும். காலில் குறை இருந்தால் பெரும்பாலும் அப்போதுதான் வெளியே தெரியும். மற்றக் குட்டிகள் எழுந்து தடுமாறி விழுந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் நெஞ்சைத் தரையில் அப்பி, நாலு காலையும் பக்கவாட்டில் பரப்பி, துழாவியபடியே நகரும். “இது தேறாது” என்று சொல்ல உடனே யாராவது வந்துவிடுவார்கள். அவர் பேச்சைக் கேட்பதற்கு முன், அந்தக் காலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பிறந்த குட்டியின் எலும்பு முழு எலும்பு இல்லை. நடுத்தண்டு மட்டும்தான் கெட்டிப்பட்டிருக்கும். இரு முனைகளும் குருத்தெலும்பு. தண்டுக்கும் முனைக்கும் இடையே உள்ள வளர்ச்சித் தட்டில்தான் புதிய செல்கள் அடுக்கடுக்காகப் பிறந்து எலும்பு நீள்கிறது. இந்தத் தட்டு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்ப நடந்துகொள்ளும். ஒரு பக்கம் இடைவிடாமல் அதிகமாக அழுத்தினால் அங்கே வளர்ச்சி மந்தமாகும், அழுத்தம் குறைந்த பக்கம் முந்தும். கோணலாக ஊன்றும் கால் மேலும் கோணலாவது இதனால்தான். நேராக ஊன்றவைத்தால் பல கால்கள் நேராவதும் இதே காரணத்தால்தான். சுமைக்குத் தக்கபடி எலும்பு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு ஆட்டுக்குட்டி சாட்சி. முன்னங்கால்கள் பயன்படாத நிலையில் பிறந்த அது, பின்னங்கால்களாலேயே தாவித் தாவி நடக்கப் பழகியது. ஒரு வயதில் விபத்தில் இறந்தது. அதன் உடலை ஆராய்ந்த டச்சு உடற்கூறியல் அறிஞர் ஸ்லைப்பர் 1942இல் விவரங்களை வெளியிட்டார். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மார்புக்கூடு, பிட்டத் தசை எல்லாமே சாதாரண ஆட்டிலிருந்து மாறியிருந்தன. இரண்டு காலில் நடந்த பழக்கமே உடம்பைத் திருத்தி எழுதியிருந்தது.

மீண்டும் நம் குட்டியிடம் வருவோம். நெஞ்சில் ஊர்வதால் இதை ‘நீச்சல் குட்டி’ என்பார்கள். தொடைகளை உள்நோக்கி இழுத்துப்பிடிக்கும் தசைக்குப் போதிய பலம் வராததால் கால்கள் வழுக்கி விரிகின்றன. தரை வழவழப்பாக இருந்தாலோ, குட்டி கொழுத்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும். ஆனால் காலைவிட நெஞ்சைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். கால் தாங்க வேண்டிய எடையை மார்பெலும்பு தாங்குகிறது. விலா எலும்புகள் இன்னும் மெத்தென்றிருப்பதால் மார்புக்கூடு மேலும் கீழுமாகத் தட்டையாகிவிடும். நுரையீரலுக்கு இடம் குறையும், மூச்சு வாங்கும், குடித்த பால் மேலே வரும். அதனால் ‘கொஞ்சம் வளரட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருப்பதுதான் இருப்பதிலேயே கெட்ட யோசனை. மூன்று, நான்கு வாரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான குட்டிகள் எழுந்து நடந்துவிடும்.

சிகிச்சை எளிமையானது, பொறுமைதான் அதிகம் வேண்டும். படுக்கையில் செய்தித்தாளை எடுத்துவிட்டு, நகம் பற்றிக்கொள்ளும்படி சொரசொரப்பான விரிப்பைப் போட வேண்டும். தூங்கும்போது நெஞ்சில் கிடக்காமல் பக்கவாட்டில் புரட்டிவிட வேண்டும். அது திரும்பவும் குப்புறக் கவிழும், நாம் திரும்பவும் புரட்ட வேண்டும். விரிந்த பின்னங்கால்கள் இரண்டையும் இழுபடும் ஒட்டுப் பட்டியால் எட்டு வடிவில் சேர்த்துக் கட்டுவார்கள். குட்டி இயல்பாக நின்றால் எவ்வளவு இடைவெளி இருக்குமோ அவ்வளவு விட வேண்டும், ஒட்டவைத்துக் கட்டக் கூடாது. முதல் கட்டைக் கால்நடை மருத்துவர் கையால் போட்டுக்கொள்வதே நல்லது. அதன்பிறகு நம் வேலை விரல்களைப் பார்ப்பது. நடு விரல்கள் இரண்டும் வீங்கி விலகியிருந்தாலோ, பாதம் சில்லிட்டிருந்தாலோ கட்டு இறுகிவிட்டது என்று பொருள். முதல் 10 நாளிலேயே பிறந்த எடை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும் வயது இது. முந்தாநாள் சரியாக இருந்த கட்டு இன்று சதையில் பதியும். நாளில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் சில நிமிடம், மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டிவிட வேண்டும். வயிற்றைக் கையில் தாங்கி, பாதங்கள் மட்டும் தரையைத் தொடும்படி நிறுத்திப் பழக்க வேண்டும். குட்டி கத்தினால் நிறுத்திவிட வேண்டும்.

இதற்கிடையே அது பட்டினி கிடந்துவிடக் கூடாது. மற்றவை முட்டித் தள்ளும்போது கால் ஊன்றாத குட்டிக்கு முலை கிடைப்பது கஷ்டம். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டால் குறைவது உடனே தெரிந்துவிடும். புட்டிப்பால் கொடுத்தால் குப்புற வைத்து, தலையை லேசாக உயர்த்திக் கொடுக்க வேண்டும். மனிதக் குழந்தைபோல மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். இந்த வயதில் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் தெரியாது, கதகதப்பு நாம்தான் தர வேண்டும்.

சில குட்டிகளுக்கு ஆறேழு வாரத்துக்குமேல் முன்னங்கால் மணிக்கட்டு முன்னோக்கி மடங்கும், அல்லது தளர்ந்து படியும். நல்ல பிடிமானமான தரையும் சமச்சீர் உணவும் கிடைத்தால் பெரும்பாலும் சில வாரத்தில் தானே சரியாகும். இங்கேதான் ஆர்வக் கோளாறில் கால்சியம் மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். வளரும் குட்டியின் குடலுக்கு, மிஞ்சிய கால்சியத்தை வேண்டாமென்று ஒதுக்கும் திறன் குறைவு. உள்ளே போனதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அதனாலேயே, முக்கியமாகப் பெரிய இனங்களில், எலும்பு வளர்ச்சி கோளாறாகிவிடும்.

எலும்பே இல்லாமல் பிறந்தால் கதை வேறு. முன்னங்காலில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் இணையாக ஓடும். ரேடியஸ் இல்லாமல் அல்னா மட்டும் வளர்ந்தால், ஒரு பக்கம் நாண் இழுத்த வில்போலக் கால் உள்பக்கமாக வளைந்துவிடும். இதைக் கட்டுப் போட்டு நிமிர்த்த முடியாது. நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குவதால், முன்னங்கால் குறை பின்னங்கால் குறையைவிடச் சிரமம் தருவது. ஆனாலும் மூன்று காலில் நன்றாக ஓடும் நாய்கள் ஏராளம். அமெரிக்காவில் 2002இல் முன்னங்கால் குறையோடு பிறந்த ஃபெய்த் என்ற நாய் பின்னங்கால்கள் இரண்டிலேயே நிமிர்ந்து நடந்தது.

காலை எடுத்துவிடுவதா என்ற முடிவுக்கு அவசரமில்லை. புண்ணோ வலியோ தராத கால் இருந்துவிட்டுப் போகட்டும்; ஊன்றிக்கொள்ள உதவினாலும் உதவும், பிறகு செயற்கைக் கால் பொருத்த மீதியிருக்கும் பகுதி தேவைப்படும். வளர்ச்சித் தட்டுகள் மூடப் பெரும்பாலான நாய்களுக்கு ஏறத்தாழ ஒரு வயது ஆகும், பெரிய இனங்களுக்கு இன்னும் தாமதம். அதற்குமுன் சக்கர வண்டியோ செயற்கைக் காலோ செய்தால் வளர வளர அளவு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றக் கால்களின் மூட்டுக்குப் பாரம் கூடாமலிருக்க எடையை ஒல்லியாகவே வைத்திருக்க வேண்டும். தரையில் படாத பாதத்தில் நகம் தேயாது. வெட்டாமல் விட்டால் சுருண்டு பஞ்சுப் பாதத்திலேயே குத்தும்.