இருபது தளக் கப்பல் ஏன் கவிழ்வதில்லை?

இருபது தளம் வைத்துக் கட்டிய சொகுசுக் கப்பல் அலையில் எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஐகான் ஆஃப் த சீஸ் படத்தைப் பார்த்தால் யாருக்கும் வரக்கூடிய சந்தேகம்தான். 2024-இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலின் நீளம் 365 மீட்டர். தண்ணீருக்குள் இருப்பதோ ஒன்பது மீட்டர் சொச்சம். என்ஜின்களும் எரிபொருள் தொட்டிகளும் அடித்தளத்தில் இருப்பது உதவும், உண்மைதான். ஆனால் பெரும் வேலையைச் செய்வது கப்பலின் அகலம்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஐகானின் 2,48,663 என்ற 'டன்' கணக்கை அதன் எடை என்றே செய்திகள் எழுதுகின்றன. அது தவறு. அந்த எண், கப்பலுக்குள் மூடிய இடத்தின் கொள்ளளவிலிருந்து கணக்கிடுவது.

இதே நிறுவனத்தின் முதல் கப்பல் சாங் ஆஃப் நார்வே 1970-இல் வந்தது. சுமார் 18,000 டன், 24 மீட்டர் அகலம். 1988-இல் சாவரின் ஆஃப் த சீஸ் 73,000 டன்னைத் தொட்டது. 1999-இல் வாயேஜர் 1,37,000, 2009-இல் ஒயாசிஸ் 2,25,000.

இனி கதையின் மையம். கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் அதிகமாக அமிழும்; இடப்பக்கம் மேலெழும். அதனால் மிதப்பு விசை செயல்படும் புள்ளியான மிதப்பு மையமும் வலப்பக்கம் நகர்ந்துவிடும். எடை ஈர்ப்பு மையத்தில் கீழே இழுக்க, நகர்ந்த இடத்திலிருந்து தண்ணீர் மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து கப்பலைத் திருப்பி நிமிர்த்துகின்றன. மேலே தள்ளும் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை கப்பல் நிமிரும். மேலே போனால் கவிழும்.

மிதப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? நீர்மட்டப் பரப்பின் நிலைமத் திருப்புத்திறனை (அந்தப் பரப்பு நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகிப் பரந்திருக்கிறது என்பதன் அளவை), அமிழ்ந்த கன அளவால் வகுத்தால் வருவது. இந்த வகுத்தலில் மேலே இருப்பதில் அகலத்தின் மும்மடி இருக்கிறது. கீழே அகலம் ஒருமுறைதான். பெட்டி வடிவம் என்று எடுத்துக்கொண்டால் அகலத்தின் வர்க்கத்தை, அமிழ்ந்திருக்கும் ஆழத்தின் 12 மடங்கால் வகுத்தால் போதும். சாவரினுக்கு 32.2 மீட்டர் அகலம், சுமார் 7.5 மீட்டர் ஆழம்: விடை 11.5 மீட்டர். ஒயாசிஸுக்கு 47 மீட்டரும் 9.3 மீட்டரும்: கிட்டத்தட்ட 20. மிதப்பு மையத்தின் உயரத்தையும் சேர்த்தால், கப்பலின் அடியிலிருந்து மெட்டாசென்டர் 15 மீட்டரிலிருந்து 24 மீட்டருக்கு ஏறிவிட்டது. அடுக்கடுக்காகத் தளங்களைக் கூட்ட இடம் கிடைத்தது அங்கேதான்.

சூத்திரத்தில் நீளம் மேலும் கீழும் வந்து அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது. 1978-இல் சாங் ஆஃப் நார்வேயை நடுவே வெட்டிச் சுமார் 26 மீட்டர் துண்டைச் செருகினார்கள். நிமிரும் திறன் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நீட்டுவதில் சிக்கல் வேறு இடத்தில் வரும்: நீண்ட உடல் அலை முகட்டில் அதிகமாக வளையும், மேல்தளத்தையும் அடித்தளத்தையும் வலுப்படுத்த வேண்டும்.

அகலப்படுத்த எது தடையாக இருந்தது? பனாமா கால்வாய். அதன் பழைய மதகறைகளில் (கப்பலை ஏற்றி இறக்கும் நீர் அறைகளில்) 32.3 மீட்டர்வரைதான் நுழைய முடியும். சாவரினின் அகலம் 32.2-இல் நின்றதற்குக் காரணம் அதுவே. வாயேஜரில் அந்தக் கால்வாயையே கைவிட்டு 38 மீட்டரைத் தாண்டினார்கள். அதற்குப் பிறகு கப்பல்கள் மளமளவென்று உயர்ந்தன.

அதற்காக அகலத்தைக் கண்டபடி கூட்டவும் முடியாது. ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடைவெளி நான்கு மடங்கானால் கப்பல் ஒருமுறை பக்கவாட்டில் ஆடிவர ஆகும் நேரம் பாதியாகிவிடும். கப்பல் வெடுக்கென்று நிமிரும்; பயணிகள் வாந்தி எடுப்பார்கள், அலமாரிச் சாமான்கள் பறக்கும். இடைவெளி சில மீட்டருக்குள் அடங்கினால்தான் ஆட்டம் மெதுவாக இருக்கும்.

இந்த இடைவெளியைக் கட்டிமுடித்த கப்பலிலேயே அளந்து பார்ப்பார்கள். காற்றில்லாத நாள், கட்டுக் கயிறுகளைத் தளர்த்திவிடுவார்கள், ஆட்கள் குறித்த இடத்தில் அசையாமல் நிற்பார்கள். ஒரு பாரத்தைக் குறுக்கே நகர்த்திக் கப்பலைச் சற்றே சாய்ப்பார்கள்; சாய்வைக் காட்ட உள்ளே நீண்ட தூக்குக்குண்டுகள் தொங்கும். அவற்றின் குண்டு எண்ணெய்த் தொட்டியில் மூழ்கியிருக்கும், ஆட்டம் சீக்கிரம் அடங்குவதற்காக. 50,000 டன் எடையுள்ள கப்பலில் 100 டன் பாரத்தை 30 மீட்டர் குறுக்கே நகர்த்தினால், 6 மீட்டர் தூக்குக்குண்டு 12 சென்டிமீட்டர் விலகுகிறது என்று வையுங்கள். இடைவெளி 3 மீட்டர் என்று கணக்கு சொல்லிவிடும். பெயர்சூட்டு விழாவில் பாட்டில் உடையாவிட்டால் அபசகுனம் என்பார்கள். கப்பலின் விதியை அந்த 12 சென்டிமீட்டரில்தான் படிக்க முடியும். பள்ளிகளில் ஒரு வாளித் தண்ணீரும் பிளாஸ்டிக் டப்பாவும் வைத்து இதைச் செய்துகாட்ட வேண்டும்.

சோதனையின்போது தொட்டிகள் முழுதாக நிரம்பியோ முழுதாகக் காலியாகவோ இருக்க வேண்டும். அரைகுறைத் தண்ணீர் சாயும் பக்கமே ஓடும். அந்தக் கெடுதலும் தொட்டி அகலத்தின் மும்மடியில் வளர்கிறது. நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 1942-இல் நியூயார்க் துறையில் நார்மண்டி கப்பல் தீப்பிடித்தபோது, அணைக்கப் பாய்ச்சிய தண்ணீர் மேல்தளங்களில் தேங்கியே அதைக் கவிழ்த்தது. மேல்தள நீச்சல்குளங்களிலும் இதே தண்ணீர்தான் நிற்கிறது. கடல் கொந்தளிக்கப்போகிறது என்று தெரிந்தால் முதலில் அவற்றை வடித்துவிடுகிறார்கள்.