ஃபார்மட் போடுவதற்கு முன்னால் ராமைக் கழற்றிப் பாருங்கள்

போன மாதம் ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி சிபியுவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, மூணு தடவை ஃபார்மட் போட்டாச்சு, ஆளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க, இத எடைக்குப் போட்டுரலாமா?" இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 2 ஜிபி ராம் இரண்டு. 2011, 2012 வாக்கில் வாங்கியிருப்பார். பிடிஎஃப் திறந்து பிரிண்ட் கொடுக்கும்போது திரை ஒரு நொடி கறுத்துவிட்டுத் திரும்ப வரும், டிஸ்ப்ளே டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) நின்றுபோய் மீண்டுவிட்டது என்று மூலையில் ஒரு வரி வரும். சில சமயம் வராமலே நீலத்திரையில் போய் நின்றுவிடும்.

அந்த வரியைப் பார்த்த எல்லோரும் டிரைவரையே மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் காசு கட்டி டிரைவர் அப்டேட்டர் வேறு ஏற்றிவிட்டிருந்தார். தப்பு டிரைவரில் இல்லை.

தூத்துக்குடியில் இந்தத் தொழிலில் இருப்பதால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது உப்புக் காற்று மேல்தான். ஆனால் கடலே இல்லாத ஊரிலும் இதே கதை நடக்கும், காரணம் எளிது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரைக்கு வேண்டிய மெமரியும் அதே ராமிலிருந்துதான் போகிறது. ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற பயாஸ் கொஞ்சம் ஒதுக்கிவைக்கும், அது போக வேலைக்கு ஏற்ப கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் ராம் சொதப்பினால் கிராஃபிக்ஸ் சிப் பதில் சொல்லாமல் முழிக்கும், விண்டோஸ் 2 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு டிரைவரை ரீசெட் செய்யும், பழி டிரைவர் மேல் விழும்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் முதலில் கேட்பது நீலத்திரையில் என்ன எழுதியிருந்தது என்று. அடுத்த தடவை வந்தால் போனில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் வீடியோ டிடிஆர் ஃபெயிலியர் (VIDEO_TDR_FAILURE) என்று ஒரே வார்த்தை வந்தால் டிரைவர் பக்கமோ கார்டு பக்கமோ போகலாம். இன்றைக்கு வீடியோ, நாளைக்கு மெமரி மேனேஜ்மென்ட், மறுநாள் சம்பந்தமே இல்லாத வேறொன்று என்று மாறி மாறி வந்தால் எனக்கு ராம் மேல்தான் கண். அண்ணாச்சியின் போனில் மூன்று போட்டோ இருந்தது, மூன்றும் மூன்று விதம்.

சரி, ராமைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. பவர் கேபிளை முழுசாகப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள், கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் ஸ்டிக் மேலே வரும். அண்ணாச்சியின் ஸ்டிக்கில் பொன்னிறமாக மின்ன வேண்டிய பற்களில் நாலைந்து டீக்கறை போலப் பழுத்திருந்தன. பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும். மை அழிக்கிற சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், பூச்சே போய்விடும். ரப்பர் துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டுங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். மாட்டும்போது கிளிப் டிக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், பயந்து பயந்து அரைகுறையாக அழுத்துகிறவர்களுக்குத்தான் விடாமல் பீப் அடித்து டிஸ்ப்ளே வராமல் போகும்.

சுத்தம் செய்து மாட்டியதும் கம்ப்யூட்டர் ஓடியது. பத்து நாளில் அண்ணாச்சி திரும்ப வந்தார்! தேய்த்ததோடு விட்டது என் தப்புதான், அன்றைக்கே டெஸ்ட் போட்டிருக்க வேண்டும். ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பிளஸ் இலவசம், பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்யலாம், பழைய பயாஸ் போர்டிலும் ஓடும். விண்டோஸிலேயே ஒரு மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது, ஆனால் அதில் தப்பித்துவிட்ட ராம் மெம்டெஸ்டில் சிக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு ஸ்டிக் மட்டும் மாட்டி, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். முதல் ஸ்டிக் காலை வரை சுத்தம். இரண்டாவது, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒரு வரி சிவப்பு வந்தாலும் அந்த ஸ்டிக்கை நம்பக் கூடாது. அதையே அடுத்த ஸ்லாட்டில் மாட்டியும் பார்த்தேன், அங்கேயும் சிவப்பு, ஆக ஸ்லாட் மேல் குற்றமில்லை. சில நூறு ரூபாய்க்குப் பழைய 4 ஜிபி ஸ்டிக் ஒன்று கிடைத்தது, வேலை முடிந்தது.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். ஒரு கல்லூரிப் பையன் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 போட்டபின் எழுத்தெல்லாம் பெரிசாக, வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது என்று 8 ஜிபி ராம் வாங்கி மாட்டிவிட்டு, அப்புறம் என்னிடம் வந்தான். விண்டோஸின் ஹார்ட்வேர் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர். அதாவது கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை, ஒப்புக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் எவ்வளவு ராம் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

எந்த சிப் என்றே தெரியாவிட்டால் அந்த வரியில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். நிறுவன எண் 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10DE என்றால் என்விடியா. (இன்டெல் 1978ல் விட்ட பிராசஸரின் பெயரையே தன் எண்ணாக வைத்துக்கொண்டது, குறும்புதான்.) இரண்டாம் தலைமுறை இன்டெல்லுக்கு விண்டோஸ் 10க்கென்று தனி டிரைவர் தேடி அலையாதீர்கள், விண்டோஸ் அப்டேட்டை முழுசாக ஓடவிட்டால் பொருந்துகிற பழையது தானாக வரும். பழைய என்விடியா கார்டுகளுக்கும் எல்லைக்கோடு உண்டு: ஜிஃபோர்ஸ் 210 போன்றவற்றுக்கு 342.01தான் கடைசி, 400, 500 வரிசையின் ஃபெர்மி கார்டுகளுக்கு 391.35. அதற்கு மேல் புதிதாக இறக்கினால் பொருத்தமான ஹார்ட்வேர் இல்லை என்று இன்ஸ்டாலர் திருப்பி அனுப்பிவிடும். டிரைவர் அப்டேட்டர் மென்பொருள்கள் இருபது டிரைவர் பழசு என்று சிவப்பில் மிரட்டுவதற்கு மயங்காதீர்கள். பழைய சிப்புக்குப் பழைய டிரைவர்தான் சரியான டிரைவர்.

நேற்று வரை நன்றாக ஓடி, அப்டேட்டுக்குப் பிறகு கெட்டுப்போனால் அதே டிவைஸ் மேனேஜரில் ரோல்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். அதுவும் மங்கிக் கிடந்தால், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (அவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ்) கெட்ட டிரைவரைத் துடைத்து எடுத்து, சரியானதைப் போடுங்கள். நெட்டைத் துண்டிக்க மறந்தால் நீங்கள் துடைக்கத் துடைக்க விண்டோஸ் அதையே திரும்பக் கொண்டுவந்து வைக்கும்.

4 ஜிபி போட்டும் 3 சொச்சம்தான் காட்டுகிறது என்று வருகிறவர்களில் பலர் 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பார்கள், அதன் எல்லை அவ்வளவுதான். 64 பிட்டிலும் குறைவாகக் காட்டினால் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் மேக்சிமம் மெமரி என்ற டப்பாவில் டிக் இருக்கிறதா பாருங்கள். வேகம் கூடும் என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டுப் போட்டிருப்பார்கள். அது வேகம் கூட்டுவதில்லை, ராமுக்கு வேலி போடும். எடுத்துவிடுங்கள்.

ராம் வாங்கும்போது இன்னும் ஒன்று. உங்களுடையது ஜி41 மதர்போர்டு என்றால், டிடிஆர்3 (DDR3) வகை 4 ஜிபி ஸ்டிக்கை வாங்குவதற்கு முன் இரண்டு பக்கமும் திருப்பிச் சிப்புகளை எண்ணுங்கள். 16 இருந்தால் எடுங்கள். 8 மட்டும் இருந்தால் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் அங்கேயே வைத்துவிடுங்கள், அந்த போர்டு அதைக் கண்டுகொள்ளாது.