பெற்ற மனம் மட்டுமா பித்து?

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்த வீட்டில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தகப்பனுக்குப் பெரிதாக வேலை இருக்காது. தாய்க்குச் சரக்குக்கறி வைக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் அம்மம்மா இருக்கிறார். தகப்பன் கடைக்குப் போய்வந்தால் போதும். ‘பெற்ற மனம் பித்து’ என்றாலும் தாயைத்தான் நினைக்கிறோம்.

தாய்க்கு அந்தப் பித்து வருவது ஸ்கானிலேயே தெரிகிறது. 2016இன் இறுதியில் வெளியான ஓர் ஆய்வில், பார்சிலோனாவில் முதல் பிள்ளை பெற்ற பெண்களின் மூளையைக் கருத்தரிக்கும் முன்பும் பிரசவத்தின் பின்பும் படமெடுத்துப் பார்த்தார்கள். மற்றவர் மனதை ஊகிக்க உதவும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. 2 ஆண்டுகளாகியும் அது திரும்பவில்லை. இதை நட்டம் என்று நினைக்க வேண்டாம். வலிகாமத்தில் முந்திரிகை (திராட்சை) கொடியைக் காய்க்கவென்று வெட்டிவிடுவதுபோல, மூளையும் தேவையற்ற இணைப்புகளைக் கழித்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். அது கூடுதலாகக் குறைந்த தாய்மாருக்குப் பிள்ளைமேல் ஒட்டுதலும் கூடுதலாக இருந்தது. ‘பிள்ளை பெற்றால் ஞாபகசக்தி போய்விடும்’ என்பார்களே, அதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.

சரி, சுமந்து பெறாத தகப்பன்? பிலிப்பைன்சின் செபு நகரில் 624 இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தொடக்கத்தில் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் கூடுதலாக இருந்தவர்களே அதிகம் தகப்பனானார்கள். ஆனதும் அவர்களுக்கு அது நன்றாகக் குறைந்தது. நாளுக்கு 3 மணிநேரமோ அதற்கு மேலோ பிள்ளை பார்த்தவர்களிடம் இன்னும் குறைவு. பம்பர்ஸ் மாற்றினால் ஆண்மைக்கு இழுக்கு என்பவர்கள் அந்த முதல் பாதியைக் கவனிக்கலாம்.

2014இல் வந்த இஸ்ரேல் ஆய்வு இன்னும் சுவையானது. பிள்ளை வளர்ப்பில் முதற்பொறுப்பு வகித்த தாய்மாரிடம், உணர்ச்சியையும் ஆபத்தையும் உடனே பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. கூடமாட உதவிய தகப்பன்மாரிடம், பிறரைப் புரிந்துகொள்ளும் பகுதி. தாய் இல்லாமல், இரு ஆண்கள் இணையாக இருந்து வளர்த்த வீடுகளிலோ அந்தத் தகப்பன்மாருக்கு இரண்டுமே இயங்கின. பிள்ளையோடு செலவிட்ட நேரம் கூடக்கூட, தகப்பன்மாருக்கு இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பும் வலுத்திருந்தது.

போரிலும் புலம்பெயர்விலும் பெற்றோரைப் பிரிந்து, அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பெறாதவருக்கும் இந்தப் பித்து வரும் என்பது அவர்களுக்குப் புதினமாக இருக்காது. 2021இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தினர் 50 பாட்டிமாரை ஸ்கானருக்குள் படுக்கவைத்துப் படங்கள் காட்டினார்கள். பேரப்பிள்ளையின் படத்துக்கு, மற்றவர் உணர்வைத் தானும் உணரும் பகுதிகள் இயங்கின. சொந்தப் பிள்ளையின் படத்துக்கு, ‘இது ஏன் இப்படிச் செய்கிறது’ என்று விளங்கிக்கொள்ள முயலும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. பேரன் அழுதால் அம்மம்மா கண் கலங்குவதும், அதே மூச்சில் மகளுக்கு ஏச்சு விழுவதும் இதனால்தானா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.