ஆச்சி வீட்டு அடுக்களைக்கு எந்த சிம் எடுக்கும்?

"ஏல, நீ பேசுதது ஒண்ணும் வெளங்கல. இரி, தட்டட்டிக்குப் போயிட்டுக் கூப்பிடுதேன்."

சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரைக் கிராமத்தில் தனியாக இருக்கும் என் ஆச்சி, போனை எடுத்ததும் சொல்லும் முதல் பேச்சு இதுதான். தட்டட்டி என்றால் எங்கள் பக்கம் மொட்டை மாடி. வயது 78. பேரன் குரலைக் கேட்க அந்த வயதில் மரப்படி ஏறுகிறாள் என்று நினைத்தாலே எனக்குப் பதறும். இத்தனைக்கும் வாசலில் நின்றால் டவர் கண்ணுக்குத் தெரிகிறது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு போன் கடையில் விசாரித்தேன். "எந்த சிம் போட்டாலும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார்கள். ஒன்றல்ல.

முதலில் அந்த டவர். நாம் டவர் என்று சொல்வது இரும்புக் கம்பம் மட்டும்தான். அதன் உச்சியில் நீளவாக்கில் தொங்கும் பெட்டிகள்தான் ஆன்டெனா. கம்பத்தை ஒரு நிறுவனம் வைத்திருக்கும். அதில் மற்ற நிறுவனங்கள் வாடகைக்குத் தங்கள் ஆன்டெனாவை மாட்டிக்கொள்ளும். ஒரு கம்பத்தில் மூன்று நிறுவனம் இருக்கலாம், ஒன்றே ஒன்றும் இருக்கலாம். ஆகவே வீட்டுப் பக்கத்தில் டவர் இருக்கிறது என்பதால் உங்கள் சிம்முக்கு அது உதவும் என்று அர்த்தமில்லை. உங்கள் சிம் அடுத்த ஊர்க் கம்பத்தோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை நம்பிப் பயனில்லை. எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போனைத் தயாரிக்கும் நிறுவனமே தீர்மானிக்கிறது. நம்பத் தகுந்தது, சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் (dBm) என்கிற எண். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், 'அபவுட் போன்' பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் பெரும்பாலும் அந்த எண் இருக்கும். மைனஸ் குறியோடு வரும். 4ஜியில் -85 என்றால் நல்ல சிக்னல், -100 என்றால் சமாளிக்கலாம், -115-க்குக் கீழே போனால் பேச்சு அறுபடும். இதில் ஒரு நுணுக்கம்: இது சாதாரணக் கூட்டல் கழித்தல் கணக்கல்ல. 10 எண் இறங்கினால் சிக்னல் பத்தில் ஒன்றாகிவிடும்; 20 இறங்கினால் நூறில் ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். தட்டட்டியில் -86. பட்டாசலில், அதாவது கூடத்தில், -102. அடுக்களையில் -116. மேலிருந்து அடுக்களைக்கு வருவதற்குள் 30 எண் போய்விட்டது. அதாவது தட்டட்டிக்கு வரும் சிக்னலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அடுப்புப் பக்கம் வந்து சேர்கிறது. இரண்டடி கனச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே கட்டை அடுக்கிய மச்சு, இத்தனையையும் தாண்டி வருகிறது அது.

எல்லா அலையும் இப்படி ஒரே மாதிரி நலிந்து போவதில்லை. இங்கேதான் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் வருகிறது. நம் நாட்டில் போன் சேவைக்குக் கொடுத்திருக்கும் அலைவரிசைகள் 700 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 3500-ஐயும் தாண்டிப் போகின்றன. 700-இல் ஓர் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 2300-இல் 13 சென்டிமீட்டர். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3500-இல் ஒன்பதுகூட இல்லை. நீள அலை சுவருக்குள் இறங்கும், கூரை விளிம்பில் கொஞ்சம் வளைந்து உள்ளே வரும், தூரமும் போகும். குட்டை அலையால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் அந்த மேல்வரிசையில் இடம் அகலம். ஒரே நேரத்தில் நிறைய டேட்டாவை அள்ளிப் போகும். ஜியோ தன் 4ஜியை 850, 1800, 2300 என்று மூன்றிலும் நடத்துகிறது. ஏர்டெலுக்கு 900-லும் அலை உண்டு. பி.எஸ்.என்.எல். தன் புதிய 4ஜிக்கு 700-ஐ எடுத்திருக்கிறது. ஆனால் உங்கள் போன் அந்த 700-ஐப் பிடிக்கக்கூடியதா என்று முதலில் பார்க்க வேண்டும், பழைய போன்கள் பலவற்றில் அது கிடையாது. ஒரு நிறுவனம் எல்லா அலையையும் எல்லாக் கம்பத்திலும் மாட்டுவதுமில்லை. ஆச்சியின் பழைய சிம் பிடித்துக்கொண்டிருந்தது 2300-ஐ என்று செல் விவரம் காட்டும் ஒரு ஆப்பில் தெரிந்தது. தட்டட்டியில் வேகம் பிய்த்துக்கொண்டு போனது, அடுக்களையில் ஊமை.

நம் சீமையில் சுவர் மட்டுமா தடை? ஆற்றுப் பாசனத்தில் வாழை நெருக்கமாக நிற்கும். இலையும் தண்டும் தண்ணீர் நிறைந்தவை. குட்டை அலையை நன்றாகக் குடித்துவிடும். வாழை குலை தள்ளும் காலத்தில் தோட்டத்து வீட்டில் சிக்னல் குறைகிறது என்று யாராவது சொன்னால் மனப்பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். பாபநாசம் தாண்டிக் காரையாறு ஏறும் வழியில் மலை மறைத்த வளைவில் எந்த அலையும் தோற்கும். நீள அலை கொஞ்சம் தாமதமாகத் தோற்கும், அவ்வளவுதான். உவரிக் கடலில் கதை வேறு. அங்கே மறைக்க ஒன்றுமில்லை, பூமியின் வளைவு மட்டுமே எல்லை. 40 மீட்டர் உயரக் கம்பத்தில் இருந்து கிளம்பும் அலைக்கு அந்த எல்லை ஏறத்தாழ 26 கிலோமீட்டர். அதற்கப்பால் கொஞ்ச தூரம் நீள்வது படகில் போனை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பலரும் யோசிக்காத ஒரு விஷயம்: பேச்சு இருவழிப் பாதை. டவர் 20, 40 வாட் என்று உரக்கக் கத்த முடியும். உங்கள் போனால் முடிந்தது 0.2 வாட். டவர் சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது டவருக்குக் கேட்காது. "நீ பேசுதது கேக்கு, நான் பேசுதது கேக்கலயா?" என்று ஆச்சி கத்துவது இதனால்தான். சிக்னல் குறைவான இடத்தில் போன் முழு மூச்சைப் பிடித்துக் கத்திக்கொண்டே இருக்கும். பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்வதற்கும் அதுதான் காரணம்.

இதற்கு நேர்மாறானது ஆனித் தேரோட்டம். நெல்லையப்பர் கோயில் ரதவீதியில் எல்லாக் கோடும் நிறைந்திருக்கும், ஒரு படம்கூடப் போகாது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி வரிசை சாதாரண அமைப்பில் ஏட்டுக் கணக்குப்படியே நொடிக்கு 150 மெகாபிட்தான் தரும். அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் ஆன்டெனாவுக்குக் கீழே நிற்கும் அத்தனை பேரும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டிபிஎம் எண் சிக்னலின் பலத்தைச் சொல்லும், நெரிசலைச் சொல்லாது. அதனால் சோதித்துப் பார்ப்பதென்றால் சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்குப் பாருங்கள்.

வசதிகளில் நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு. ஒன்று வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசுவது. 2016-இல் வந்த ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்டி இல்லாத போனில் அதில் நேரடியாகக் கால் பேச முடியாது. மற்றது வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேசுவது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் கனச் சுவர் வீட்டுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆச்சி வீட்டில் பிராட்பேண்ட் இல்லை.

இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரையில் கரண்டும் போனும் சேர்ந்தே போயின. டவருக்கு பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். பிறகு டீசல் வேண்டும். ரோடு முங்கினால் டீசல் வராது. ஒரே கம்பத்தில் தொங்கும் இரண்டு நிறுவன சிம்களை வைத்திருந்தால் இரண்டும் ஒன்றாக அணையும். வேறு வேறு கம்பத்தில் இருந்து வருவதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் சிக்னல் எட்டும் பகுதிகளின் வரைபடத்தை வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்திருக்கிறது. பார்க்கலாம், ஆனால் உங்கள் சுவரின் கனம் அதற்குத் தெரியாது. நான் பக்கத்து வீட்டு அத்தையின் சிம்மைப் பத்து நிமிடம் இரவல் வாங்கி ஆச்சியின் போனில் போட்டேன். தட்டட்டியில் -88, பழையதைவிட மட்டம்தான். அடுக்களையில் -101. அது 850-இல் ஓடிக்கொண்டிருந்தது.

நம்பர் மாறாமல் நிறுவனம் மாறுவது எளிது. 'போர்ட்' (PORT) என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து, இடம் விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எட்டெழுத்துக் குறியீடு வரும். அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். அது நான்கு நாள் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. சிம்மைத் தொலைத்துவிட்டுப் புதிதாக வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும்; 2024 ஜூலையில் வந்த விதி இது. மாநிலத்துக்குள் மாற மூன்று வேலை நாள் ஆகும்.

ஆச்சிக்கும் மூன்றாம் நாள் மாறியது. இப்போது ரசம் கொதிக்கிற சத்தத்தோடுதான் பேசுகிறாள். புறவாசல் கிணற்றடியில் மட்டும் இன்னும் -114. துணி துவைக்கிற நேரம் அது என்று தெரியும், அப்போது நான் கூப்பிடுவதில்லை.