டெவலூஷன்: பகிர்வா, கையளிப்பா?

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து பற்றிய செய்திகளில் 'டெவலூஷன்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் அதற்கு அதிகாரப் பரவல், அதிகாரப் பரவலாக்கம், அதிகாரப் பகிர்வு என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. சிலர் மாநில சுயாட்சி என்றே எழுதிவிடுகிறார்கள். இவை ஒரே பொருள் தருவன அல்ல. ஓர் அரசு உலக மாநாட்டில் என்ன பேசலாம், யார் வழியாகப் பேசலாம் என்பது, அதன் கையில் உள்ள அதிகாரம் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. சொல் பிசகினால் அந்தக் கணக்கும் பிசகும்.

லத்தீனில் 'டே' என்றால் கீழே, 'வொல்வெரே' என்றால் உருட்டுதல். மேலே இருந்தது கீழே உருண்டு வருவதுதான் டெவலூஷனின் வேர்ப்பொருள். ஒருவர் வகித்த உரிமையோ பொறுப்போ அடுத்தவருக்கு இறங்குவதைச் சட்டமொழி இந்தச் சொல்லால் குறித்தது. பிறகு அது ஆட்சியியலுக்கு வந்தது. நம் நாட்டில் இது சட்டப் புத்தகத்தில் ஏறி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. 1919 இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் 1920இல் வந்த விதிகளுக்கே 'டெவலூஷன் ரூல்ஸ்' என்று பெயர். எந்தத் துறை நடுவண் அரசுக்கு, எது மாகாணத்துக்கு, மாகாணத் துறைகளில் எது ஆளுநர் கையில், எது அமைச்சர் கையில் என்று பிரித்தவை அவைதான். இரட்டையாட்சி என்று நாம் படித்தது அந்தப் பிரிப்பைத்தான்.

இந்தச் சொல்லில் ஒரு திசை இருக்கிறது. மேலே இருப்பவர் கொடுக்கிறார், கீழே இருப்பவர் பெறுகிறார். 'பகிர்வு' என்ற சொல்லில் அந்தத் திசை இல்லை. பகு, பகுதி, பகிர் எல்லாம் சமமாகவோ உரிமைப்படியோ பங்கு வைத்துக்கொள்வதைச் சொல்பவை. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கப் பழைய லேவாதேவிக் கடை போதும். ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ கடை நடத்திய ஏஜண்டிடம் முதலாளி எழுதிக் கொடுத்த முக்தியார், அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், இருக்கும். வழக்கமாக மூன்று ஆண்டுக் கணக்கு. கடன் கொடுக்கலாம், அடமானம் வாங்கலாம், வழக்குப் போடலாம். அங்கே அவர் சொன்னதுதான் சொல். ஆனால் விலாசம் (கடையின் பெயர்) முதலாளியுடையது, முக்தியாரை ரத்து செய்யும் உரிமையும் முதலாளியுடையது. பங்காளியின் நிலை வேறு. அவர் பங்கு அவருக்குப் பிறப்பால் வந்தது, அதை யாரும் ரத்து செய்ய முடியாது. கூட்டாட்சி பங்காளிகளுக்கு இடையிலான ஏற்பாடு. டெவலூஷன் முக்தியார் கொடுப்பது.

இது வெறும் சட்ட நுணுக்கம் அன்று. வட அயர்லாந்தின் சட்டமன்றத்தை 1972இல் லண்டன் நிறுத்திவைத்து நேரடி ஆட்சி நடத்தியது. 1998 அமைதி உடன்பாட்டுக்குப் பின் வந்த சட்டமன்றமும் 2002 முதல் 2007 வரை முடங்கிக் கிடந்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிரந்தரமானது, அம்மக்களின் பொதுவாக்கெடுப்பு இல்லாமல் அதைக் கலைப்பதில்லை என்று 2016 சட்டம் சொல்கிறது. அப்படி ஒரு சட்டம் போட வேண்டியிருந்ததே அது கையளிக்கப்பட்ட அதிகாரம் என்பதைக் காட்டுகிறது.

ஆகவே டெவலூஷனுக்கு 'அதிகாரக் கையளிப்பு' என்று எழுதுவதே சரி. பரவலாக்கம் வேறு: தலைநகரத் துறையொன்று மாவட்டங்களில் கிளை அலுவலகம் திறந்தாலும் அது பரவலாக்கம்தான், அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வேண்டியதில்லை. சுயாட்சி வேறு: அது இலக்கைச் சொல்கிறது, வழியைச் சொல்லவில்லை. 1969இல் அமைத்த இராஜமன்னார் குழு முதல் தமிழ்நாடு கேட்டுவருவது சுயாட்சி. அதைக் கையளிப்பு என்று எழுதினால் கோரிக்கையே மாறிவிடும். நிதி ஆணையச் செய்திகளில் வரும் 'டாக்ஸ் டெவலூஷ'னுக்கு மட்டும் நிதிப் பகிர்வு என்பதே பொருத்தம். ஆங்கிலம் அங்கே டெவலூஷன் என்றாலும், அரசமைப்பின் 270ஆம் பிரிவுப்படி அது மாநிலங்களுக்கு உரிமையுள்ள பங்கு. 15ஆவது நிதி ஆணையம் அதை 41 விழுக்காடு என்று வைத்தது. இலங்கைத் தமிழர் 'அதிகாரப் பகிர்வு' என்று எழுதுவதையும் திருத்தக் கூடாது. இலங்கை அரசமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குத் தந்தது கையளிப்பு. அவர்கள் கேட்பது பகிர்வு. அந்தச் சொல்லை அவர்கள் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

இனி, உலக மாநாடு. கையளிப்பில் அயலுறவு கீழே வருவதில்லை. 1998 ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 5ஆம் அட்டவணை, 7ஆம் பத்தி, பன்னாட்டு உறவுகளை லண்டனிடமே வைத்துக்கொள்கிறது. இதைத் தமிழில் 'ஒதுக்கப்பட்ட துறை' என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது தள்ளிவைத்த துறை என்றோ இட ஒதுக்கீடு என்றோ படும். 'தன்வசத் துறை' என்றால் குழப்பமில்லை. அதே பத்தி இரண்டை மட்டும் விலக்கி வைக்கிறது: பன்னாட்டுக் கடமைகளைக் கடைப்பிடித்து நிறைவேற்றுவது, அயலுறவு விஷயங்களில் லண்டன் அமைச்சர்களுக்கு உதவுவது. இந்த 'உதவுவது' என்ற சின்ன வாசல் வழியாகத்தான் எடின்பரோ, அதாவது ஸ்காட்லாந்து அரசு, மாநாட்டு அறைக்குள் போகிறது. மீன்பிடி, வேளாண்மை, சுற்றுச்சூழல் எல்லாம் எடின்பரோவின் கையில். அவை பற்றிய உடன்படிக்கை லண்டனின் கையில். ஒப்புக்கொள்பவர் ஒருவர், செய்து முடிக்க வேண்டியவர் இன்னொருவர் என்பதால், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாமல் இரு தரப்புக்கும் வேலை நடக்காது.

கேட்டுக்கொள்ளும் முறையை ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தமும் அதனோடு சேர்ந்த அயலுறவு இணக்கக் குறிப்பும் வகுத்தன. தகவல் முன்னதாகவே வரும், ஆனால் இரகசியமாக வைக்க வேண்டும். கருத்தைச் சொல்லலாம், ஆனால் முடிவான நிலைப்பாடு ஒன்றுதான். ஸ்காட்லாந்து அமைச்சர் பிரிட்டனின் தூதுக்குழுவில் அமரலாம், பேசவும் செய்யலாம். பேசுவது பிரிட்டனின் நிலைப்பாடாக இருக்க வேண்டும். இவை நீதிமன்றத்தில் வழக்காடக்கூடிய ஒப்பந்தங்கள் அல்ல, நாணயத்தின் பேரில் நடப்பவை. பழைய கூட்டு அமைச்சர் குழுவுக்குப் பதிலாக 2022இல் மூன்றடுக்கு ஏற்பாடு வந்தபோதும் இது மாறவில்லை.

திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என்று இருவகைப்படுத்துவார். கையளிப்பு அரசின் அமைச்சர் மாநாட்டு மேசையில் கூறியது கூறுவார்தான். வகுக்கும் வேலை வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

அந்த வேலைக்குக் காலம் குறைவு. ஐ.நா. காலநிலை மாநாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நடைமுறை விதி 11இன்படி தற்காலிக நிகழ்ச்சிநிரல் கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்பு வர வேண்டும். அந்த ஆறு வாரத்துக்குள் எந்த உருப்படி தன் துறையைத் தொடுகிறது என்று பார்த்து, எந்தப் பத்தியில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று எழுதி, அதைத் தலைநகருக்கு அனுப்பி, மற்ற அமைச்சகங்களின் எதிர்ப்பையும் சமாளிக்க வேண்டும். வரைவில் உடன்பாடு எட்டாத சொற்கள் சதுர அடைப்புக்குள் நிற்கும். பேரம் நடப்பதெல்லாம் அந்த அடைப்புகளுக்குள்தான். 'எங்கள் நலனைக் காக்க வேண்டும்' என்று கடிதம் எழுதும் அரசு அங்கே ஒன்றும் பெறாது. மாற்றுச் சொற்றொடர், அது கிடைக்காவிட்டால் ஏற்கத்தக்க இரண்டாம் சொற்றொடர், எதை ஏற்கவே முடியாது என்ற எல்லை, இவற்றுக்கு ஆதாரமான கள விவரம் ஆகிய நான்கும் ஒரே தாளில் இருந்தால்தான் பேச்சாளர் அதைக் கையில் வைத்துக்கொள்வார்.

அடுத்தது நுழைவு. அதே நடைமுறையின் விதி 19, தூதுச் சான்றை (இவர் எங்கள் பிரதிநிதி என்ற சான்றிதழை) நாட்டுத் தலைவரோ அரசுத் தலைவரோ அயலுறவு அமைச்சரோதான் தர முடியும் என்கிறது. மாநில முதல்வரோ ஸ்காட்லாந்தின் முதலமைச்சரோ தர முடியாது. நாட்டுக் குழுவில் பெயர் சேராவிட்டால் உள்ளாட்சி அமைப்புகளுக்கான நோக்கர் வரிசையில்தான் இடம். நோக்கர் பேசலாம், வரைவைத் திருத்த முடியாது. ஆனாலும் வெளியே நின்றே ஒன்றைச் சாதிக்கலாம். 2021 கிளாஸ்கோ மாநாட்டில் ஸ்காட்லாந்து உடன்படிக்கைத் தரப்பு அல்ல. இருந்தும் காலநிலை இழப்புக்கும் சேதத்துக்கும் 20 லட்சம் பவுண்டு அறிவித்தது. தொகை சிறிதுதான், பணக்கார நாடுகள் பேசத் தயங்கிய தலைப்பை அது பேச்சில் வைத்தது.

மற்ற நாடுகளில் ஏற்பாடு வேறு. டென்மார்க்கின் கீழுள்ள ஃபரோ தீவுகள் 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேரவில்லை. அதனால் வடகிழக்கு அட்லாண்டிக் மீன்வள ஆணையத்தில் 'ஃபரோ தீவுகளுக்காகவும் கிரீன்லாந்துக்காகவும் டென்மார்க்' என்றே இருக்கை. பெயர் டென்மார்க்குடையது, பேசப்படும் நலன் தீவுகளுடையது. கனடாவின் கியூபெக் மாகாணத்துக்கு 2006 உடன்பாட்டின்படி யுனெஸ்கோவில் கனடாக் குழுவுக்குள் நிலையான பிரதிநிதி உண்டு. பெல்ஜியம் இன்னும் ஒரு படி மேலே: 1993 முதல், உள்நாட்டில் எது மண்டல அரசின் துறையோ அதற்கு வெளிநாட்டிலும் மண்டல அரசே பேசும். ஐரோப்பிய அமைச்சரவைக் கூட்டத்தில் மண்டலங்கள் ஒத்துப்போகாவிட்டால் பெல்ஜியம் வாக்களிக்காமல் ஒதுங்கும். 2016 அக்டோபரில் கனடாவோடான வணிக ஒப்பந்தத்தை பெல்ஜியத்தின் வல்லோனியா மண்டலம் மறுத்தபோது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் காத்திருந்தது. அது முக்தியார் அன்று, பங்காளி உரிமை.

இந்திய மாநிலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதிகாரம் அரசமைப்பிலிருந்து வருவதால் அது கையளிப்பு அரசு அல்ல. ஆனால் அயலுறவு, பன்னாட்டு மாநாடு, உடன்படிக்கை ஆகியவை ஒன்றியப் பட்டியலின் 10, 13, 14ஆம் பதிவுகள். 253ஆம் பிரிவோ, உடன்படிக்கையை நிறைவேற்ற மாநிலப் பட்டியல் பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கிறது. பிரிட்டனில் உள்ளது போன்ற எழுதிவைத்த இணக்கக் குறிப்பும் இல்லை. 2014இல் வெளியுறவு அமைச்சகத்தில் மாநிலங்களுக்கென ஒரு பிரிவு தொடங்கியது, அவ்வளவுதான். 1974இல் கச்சத்தீவு உடன்பாட்டுக்குத் தமிழ்நாட்டின் ஒப்புதல் தேவைப்படவில்லை. 2011இல் மேற்கு வங்கம் ஒத்துழைக்காததால் தீஸ்தா நீர் உடன்பாடு நின்றது; அங்கே வேலை செய்தது சட்டமல்ல, அரசியல் வலு. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்களைப் பற்றிய இந்திய-இலங்கைக் கூட்டுப் பணிக்குழுவில் நம் மீன்வளத் துறை அதிகாரிகள் இந்தியக் குழுவோடு அமர்கிறார்கள். அதுவும் அழைப்பின் பேரில் கிடைக்கும் இடம், உரிமையால் வந்தது அன்று.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உரிமையின் மூலம் உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் என்னும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதன் 22ஆம் பிரிவு எல்லாப் பொருளுக்கும் பொது: வாங்குபவர் ஏமாந்தார் என்று காட்டினால்தான் தடுக்கலாம். 23ஆம் பிரிவு வைனுக்கும் மதுவகைக்கும் மட்டும்: ஏமாந்தாரா என்ற கேள்வியே இல்லை, 'அந்தப் பாணி', 'அந்த வகை' என்று போடுவதும் கூடாது. ஆகவே வெளிநாட்டுக் கடையில் 'கண்டாங்கி பாணி' என்று அச்சிட்ட விசைத்தறித் துணியைத் தடுப்பது கடினம். 23ஆம் பிரிவை மற்றப் பொருள்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்த அமைப்பின் 2001 தோஹா அமைச்சர்கள் மாநாட்டு அறிக்கையின் 18ஆம் பத்தியில் அந்தக் கோரிக்கை இன்னும் நிற்கிறது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் குரல் ஜெனீவா போகும் பாதை இது: சங்கம், மாநிலக் கைத்தறித் துறை, தலைமைச் செயலகம், ஒன்றிய வணிக அமைச்சகம், ஜெனீவாவில் உள்ள இந்திய நிரந்தரத் தூதுக்குழு, டிரிப்ஸ் மன்றம். எங்கே வழுக்குகிறது என்றால் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளில். குறியீடு வாங்கியதோடு கோப்பு மூடப்படுகிறது. போலி எங்கே விற்கிறது என்ற பதிவு இருப்பதில்லை. கடை ரசீது, துணியின் துண்டு, லேபிளின் படம், விலை வித்தியாசம், வாங்கிய ஊரும் நாளும் ஆகியவற்றைச் சங்கம் ஆண்டுதோறும் சேர்த்து, 23ஆம் பிரிவைப் பெயர் சொல்லிக் கேட்டு அனுப்பினால்தான் வணிக அமைச்சகத்தில் ஒருவர் அதை மேற்கோளாக எடுக்க முடியும். அதோடு, இந்தியப் பதிவு இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஏற்றுமதியாகும் நாட்டில் தனியாகப் பதிய வேண்டும், அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் அதே கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.