ஸ்லாவ் / சிலாவியர்: சொல் விளக்கம்

ரஷ்யர், உக்ரைனியர், போலந்துக்காரர், செக், செர்பியர், பல்கேரியர் என்று பலரையும் சேர்த்துச் சொல்லும் பொதுப்பெயர்தான் ஸ்லாவ். அடிப்படையில் இது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். ஒரே மதம், ஒரே நாடு என்றெல்லாம் எதுவும் கிடையாது. கத்தோலிக்கப் போலந்தும் ஆர்த்தடாக்ஸ் செர்பியாவும் போஸ்னிய முஸ்லிம்களும் இதற்குள் அடக்கம்.

அவர்கள் தங்களைப் பழங்காலத்தில் 'ஸ்லோவேனே' என்று சொல்லிக்கொண்டார்கள். 'ஸ்லோவோ' என்றால் சொல், ஆகவே நமக்குப் புரியும்படி பேசுகிறவர்கள் என்று பொருள் என்பது பரவலான விளக்கம். இதற்கு வலுச்சேர்ப்பது ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்த பெயர்: ரஷ்ய மொழியில் 'நியேமெத்ஸ்', செக் மொழியில் 'நியெமெத்ஸ்', இரண்டுக்கும் வேர் ஊமை என்ற சொல். பக்கத்து ஊர்க்காரன் பேச்சு புரியவில்லை என்றால் அவன் ஊமை, அவ்வளவுதான்! 'ஸ்லோவேனே' பிறந்தது நீர், ஆறு தொடர்பான வேரிலிருந்து என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

'ஸ்லோவோ'வைப் பார்த்ததும் நம் 'சொல்'தான் அங்கே போய்விட்டது என்று யாராவது கிளம்புவார்கள். வேண்டாம், ஒலி ஒற்றுமை தற்செயல். அதன் உண்மையான உறவு, கேட்டல் என்ற பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேரோடு. சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்த சுருதி, சிரவணம் இரண்டும் அதே வேரில் பிறந்தவை.

ஸ்லாவ் என்ற பெயர் வெளியே போனபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. கிரேக்கர்களுக்கு 'ஸ்ல' என்று தொடங்குவது வாயில் வராது, நடுவில் ஒரு க் போட்டு 'ஸ்க்லா' ஆக்கினார்கள். 6ஆம் நூற்றாண்டில் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியதும் அந்த வடிவத்தில்தான். அது லத்தீனில் 'ஸ்க்லாவுஸ்' ஆகி, இடைக்காலத்தில் ஏராளமான சிலாவியர்கள் பிடித்து விற்கப்பட்டதால் அடிமை என்ற பொருளே அதில் ஏறிவிட்டது. ஆங்கிலத்தின் 'ஸ்லேவ்' அப்படி வந்ததுதான். இத்தாலியர் இன்று உற்சாகமாகச் சொல்லும் 'ச்சாவ்' கூட, வெனிஸ் பேச்சில் 'உங்கள் அடிமை' என்ற வணக்கம், நம் 'அடியேன்' மாதிரி. அரபியில் 'ஸகாலிபா'. முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஸ்பெயினின் குர்துபா (கோர்டோபா) அரண்மனையிலும் படையிலும் இருந்த ஐரோப்பிய அடிமைகளுக்குப் பொதுவாகவே இந்தப் பெயர் போய்விட்டது. அவர்களில் ஒருவரான கைரான், கலீபா ஆட்சி சிதறிய 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தெற்கு ஸ்பெயினின் அல்மெரியா நகருக்கே அரசரானார் என்பது வேறு கதை. ஆக, மக்கள் பெயரிலிருந்து அடிமை என்ற சொல் பிறந்ததே தவிர, அடிமை என்பதிலிருந்து மக்கள் பெயர் வரவில்லை. இதைத் தலைகீழாகச் சொல்லித் திரிகிறவர்கள் அதிகம்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? நமக்கும் 'ஸ்ல' மொழிமுதலில் வராது. முன்னால் இகரம் சேர்த்து 'இசுலாவியர்' என்று எழுதலாம், இலக்கணத்துக்கு ஒத்ததுதான், ஆனால் அவசரமாகப் படிக்கிறவர் கண்ணில் அது 'இசுலாமியர்' என்றே விழும். அதனால் என் ஓட்டு 'சிலாவியர்', 'சிலாவிய மொழிகள்' என்பதற்கு. 'சொல்லர்' என்று மொழிபெயர்ப்பதெல்லாம் வீண்வேலை, இனப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. யுகோஸ்லாவியாவை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், எல்லாருக்கும் பழகிய பெயர். 'யூக்' என்றால் தெற்கு, தெற்குச் சிலாவியர் நாடு. 1929இல்தான் அதிகாரபூர்வமாக அந்தப் பெயர் வைத்தார்கள். அப்புறம் ஸ்லோவாக்கியரும் ஸ்லோவேனியரும் இதே வேரிலிருந்து பெயர் பெற்ற, ஆனால் வெவ்வேறு மக்கள். முதலாமவர் மேற்குக் கிளை, மற்றவர் தெற்குக் கிளை.